டைபீரியஸ் கிராக்கஸ்: ரோம்ல நில உச்சவரம்பு கேட்ட டிரிப்யூன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருங்க இந்த டைபீரியஸ் கிராக்கஸ்?

கி.மு. 133-ல ரோம்ல டிரிப்யூனா, அதாவது சாதாரண மக்களைப் பாதுகாக்குற பதவியில இருந்தவரு. பெரிய பணக்காரங்க வளைச்சுப் போட்டிருந்த அரசாங்க நிலத்தை மீட்டு, நிலமில்லாத குடிமக்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும்னு சட்டம் கொண்டுவந்தாரு, சட்டமும் பாஸ் ஆயிடுச்சு. அதே வருஷம் செனட், அதாவது பெரிய குடும்பத்து ஆளுங்க உக்காந்து ஆட்சியை நடத்துற சபை, அதோட உறுப்பினர்களே கும்பலா கிளம்பி வந்து தடியாலயும் பெஞ்சுக் காலாலயும் அவரை அடிச்சுக் கொன்னு, உடம்பை டைபர் ஆத்துல தூக்கிப் போட்டுட்டாங்க. அப்ப அவருக்கு முப்பது வயசுகூட ஆகலைன்னு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்காரு. ரோம்னா எல்லாரும் சீசர்ல இருந்துதான் படிக்க ஆரம்பிக்கிறாங்க, ஆனா சீசரைக் குத்திக் கொல்ற அளவுக்குப் போன அந்த அரசியல் எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியணும்னா இவருகிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஏழைகளுக்காகப் பேசுனாருன்னா, அவரும் ஏழை வீட்டுப் பிள்ளையா?

இல்லவே இல்ல. ரோம்ல அதைவிடப் பெரிய குடும்பம் தேடுனாலும் கிடைக்காது. அப்பா பேரும் டைபீரியஸ் கிராக்கஸ்தான், ரெண்டு தடவை கான்சலா (வருஷத்துக்கு ரெண்டு பேரு வகிக்குற ஆட்சித் தலைமைப் பதவி) இருந்தவரு, ஒரு தடவை சென்சார் (குடிமக்கள் கணக்கெடுக்குற பெரிய பதவி). அம்மா கொர்னீலியா, கி.மு. 202-ல ஜாமா போர்ல ஹானிபாலைத் தோக்கடிச்ச சிப்பியோ ஆஃப்ரிக்கானஸோட மகள். அவங்களுக்குப் பொறந்த பன்னெண்டு பிள்ளைங்கள்ல மூணே பேர்தான் பிழைச்சாங்க: டைபீரியஸ், தம்பி கேயஸ், அப்புறம் செம்ப்ரோனியாங்கிற பொண்ணு. வீட்டுக்காரர் போன பிறகு எகிப்து ராஜா தாலமியே கல்யாணம் பண்ணிக்கிறேன்னு கேட்டும் மாட்டேன்னுட்டு, பிள்ளைங்க படிப்புதான் முக்கியம்னு இருந்தவங்க அந்தம்மா. மித்திலீன் ஊரைச் சேர்ந்த டயோபேனஸ், கூமே ஊரு தத்துவவாதி பிளாசியஸ்னு நல்ல நல்ல வாத்தியாருங்களை வெச்சாங்க.

கல்யாணம்கூட அப்படித்தான். செனட்லயே மூத்த இடத்துல இருந்த அப்பியஸ் கிளாடியஸ் ஒரு விருந்துல டைபீரியஸைப் பாத்துப் பேசி முடிச்சுட்டு, வீட்டு வாசல்ல நுழையும்போதே "நம்ம கிளாடியாவுக்கு மாப்பிள்ளை முடிச்சாச்சு"ன்னு சத்தம் போட்டாராம். அதுக்கு அவரு சம்சாரம் "என்ன இவ்ளோ அவசரம், டைபீரியஸ் கிராக்கஸையா புடிச்சுட்டு வந்துட்டீங்க?"ன்னு கேட்டாங்களாம். அந்த அளவுக்கு ஊரே மாப்பிள்ளையா நெனச்ச பையன். சும்மா இருந்திருந்தாலே கான்சல் பதவி வீடு தேடி வந்திருக்கும், அதையும் மனசுல வெச்சுட்டு மீதியைப் படிங்க.

அரசு நிலம்னா நம்ம ஊரு புறம்போக்கு மாதிரியா? அதுல என்ன பிரச்சனை?

பாதி அப்படித்தான். ரோம் இத்தாலி முழுக்க ஒவ்வொரு ஊரா ஜெயிக்க ஜெயிக்க, தோத்தவங்க நிலத்துல ஒரு பங்கை எடுத்துக்கும், அது ரோம் மக்களோட பொதுச்சொத்து. கொஞ்சத்தை வித்தாங்க, கொஞ்சத்துல புதுசா ஊரு அமைச்சு ஆளுங்களைக் குடிவெச்சாங்க, மீதி தரிசா கெடந்ததை "யாரு வேணா உழுதுக்கலாம், தானியத்துல பத்துல ஒரு பங்கு, மரத்துல காய்க்கிறதுல அஞ்சுல ஒரு பங்கு அரசுக்குக் கட்டணும்"னு விட்டுட்டாங்க.

யாரு வேணா உழலாம்னா யாரு உழுவாங்க? ஏரு, மாடு, ஆளு, பணம் எல்லாம் வெச்சிருக்கறவங்கதான். பணக்காரங்க முதல்ல அரசு நிலத்தைப் புடிச்சாங்க, அப்புறம் பக்கத்துல இருந்த சின்ன விவசாயி நிலத்தையும் விலைக்கோ மிரட்டியோ வாங்கிச் சேத்துக்கிட்டாங்க. ஒரு ஆளு 500 யூகராவுக்கு (ரோம் நில அளவு) மேல அரசு நிலம் வெச்சிருக்கக் கூடாதுன்னு ரொம்ப காலம் முன்னாடியே சட்டம் இருந்துச்சு, நம்ம கணக்குல ஏறக்குறைய 310 ஏக்கர். ஆடு மாடு மேய்க்கறதுக்கும் அளவு இருந்துச்சு. எவனும் மதிக்கல. கொஞ்ச நாள் பினாமி பேர்ல வெச்சிருந்தாங்க, அப்புறம் அந்தப் பயம்கூட இல்லாம சொந்தப் பேர்லயே வெச்சுக்கிட்டாங்க.

இதுல இன்னொரு சிக்கல் ராணுவம். அப்ப ரோம் படையில சேரணும்னா கொஞ்சமாவது சொத்து இருக்கணும், அதனால விவசாயிதான் சிப்பாய். ஸ்பெயின் மாதிரி தூரத்துச் சண்டைக்கு வருஷக்கணக்குல போயிட்டு வர்றான், வந்து பாத்தா வீட்டுல கடன், நிலம் கைமாறிப் போச்சு, பக்கத்துப் பண்ணையில போர்ல புடிச்சுட்டு வந்த அடிமைங்க வேலை பாக்குறாங்க. அடிமையை ராணுவத்துக்குக் கூப்பிட மாட்டாங்க, அதனால நிலம் வெச்சிருக்கறவனுக்கு அடிமைதான் லாபம். கி.மு. 135-ல சிசிலியில அடிமைங்க ஒண்ணுசேந்து பெரிய போரே நடத்துனாங்க, அதை அடக்கவே 132 வரைக்கும் ஆச்சு. டைபீரியஸ் இதையும் தன் பேச்சுல எடுத்துக் காட்டினாரு.

இதுல ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். சின்ன விவசாயமே அழிஞ்சு போச்சுங்கற அளவுக்கு நிலைமை இல்ல, ரோமுக்கு வடக்கே இருக்குற எட்ரூரியாவோட தெற்குப் பகுதியில தொல்லியல் சர்வே பண்ணப்போ சின்னச் சின்னப் பண்ணைங்க அந்தக் காலத்துலயும் நெறையா இருந்தது தெரியவந்துச்சு. எடத்துக்கு எடம் மாறியிருக்கு. ஆனா நிலமில்லாத கூட்டம் பெருகிட்டு இருந்துச்சு, அதை அந்தக் காலத்து ஆளுங்களே கண்ணால பாத்துச் சொல்லியிருக்காங்க.

இது அவருக்கு எப்படித் தோணுச்சு?

தம்பி கேயஸ் எழுதி வெச்சதா ஒரு சேதி இருக்கு. ஸ்பெயினுக்குப் போற வழியில டைபீரியஸ் எட்ரூரியா வழியா போறாரு, உழறவன், மேய்க்கிறவன் எல்லாமே வெளிநாட்டு அடிமைங்களா இருக்காங்க, உள்ளூர்க் குடியானவனையே காணோம், அப்பவே மனசுல விழுந்துடுச்சுன்னு. ரோம் ஊருக்குள்ள ஜனங்களும் சும்மா இல்ல, மண்டபத் தூணு, சுவரு, நினைவுச் சின்னம்னு கெடச்ச எடத்துல எல்லாம் "ஏழைங்களுக்கு அரசு நிலத்தை மீட்டுக் குடு"ன்னு அவரு பேரைப் போட்டு எழுதி வெச்சாங்க. எனக்கு அந்தச் சுவரு எழுத்துதான் பெரிய சாட்சியா படுது. கேக்கறவங்க ஏற்கெனவே இருந்தாங்க, இவரு காது குடுத்துக் கேட்டாரு.

நுமான்சியா விவகாரம்னு சொல்றாங்களே, அது என்ன?

கி.மு. 137-ல ஸ்பெயின்ல நுமான்சியாங்கிற ஊரை எதுத்துப் போன ரோம் படை முழுசா மாட்டிக்கிச்சு. தளபதி மான்சினஸ் சரணடைய வேண்டிய நிலைமை, ஆனா எதிரிங்க "உங்க யாரையும் நம்ப மாட்டோம், டைபீரியஸ் வந்தா பேசுறோம்"னுட்டாங்க, ஏன்னா முன்னாடி டைபீரியஸோட அப்பா அந்தப் பக்கம் செஞ்ச ஒப்பந்தத்தை ரோம் காப்பாத்துற மாதிரி பாத்துக்கிட்டாரு, அந்த மரியாதை. இவரு அப்ப குவெஸ்டர், அதாவது படையோட கணக்கு வழக்கு பாக்குற பதவி. போயி பேசி 20,000 ரோம் குடிமக்கள் உயிரைக் காப்பாத்திட்டாரு.

கிளம்பி வந்த பிறகு பாத்தா கணக்குப் பலகைங்க எதிரி கையில மாட்டியிருக்கு. கணக்கு இல்லாம ஊருக்குப் போனா திருட்டுப் பட்டம் கட்டுவாங்கன்னு மூணு நாலு பேரைக் கூட்டிட்டுத் திரும்ப அந்த ஊரு வாசலுக்கே போய்க் கேக்கறாரு. அவங்க உள்ள கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, பலகையைக் குடுத்து, கொள்ளைப் பொருள்ல வேணுங்கறதை எடுத்துக்கோங்கன்னாங்க. பூஜைக்கு வெச்சிருந்த சாம்பிராணி மட்டும் போதும்னு வாங்கிட்டு வந்தாரு.

ரோம்ல என்ன பண்ணாங்க? அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு செனட் தூக்கிப் போட்டுச்சு, மான்சினஸைத் துணி இல்லாம கைகட்டி எதிரிகிட்ட அனுப்பி வெச்சாங்க, அவங்க வாங்க மாட்டேன்னுட்டாங்க. டைபீரியஸ் தப்பிச்சாரு, ஆனா அவரு குடுத்த வாக்கை ரோமே காத்துல விட்டுடுச்சு. பொழச்சு வந்த சிப்பாய்ங்க குடும்பம் எல்லாம் அவரைத்தான் கும்பிட்டாங்க, செனட்டோட மனக்கசப்பு அங்கதான் ஆரம்பம்னு பழைய எழுத்தாளருங்க சொல்றாங்க. பழிவாங்கத்தான் சட்டமே கொண்டுவந்தாருன்னு சிலர் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன், கோபம் இருந்திருக்கும், ஆனா கோபத்துல வர்ற ஆளு இவ்வளவு அளந்து சட்டம் எழுத மாட்டாரு.

சட்டத்துல என்னதான் இருந்துச்சு? எல்லார் நிலத்தையும் புடுங்குறதா?

இதைத்தான் நெறைய பேரு தப்பா புரிஞ்சுக்கிறாங்க. சொந்தப் பட்டா நிலத்தை அவரு தொடவே இல்ல. அரசு நிலத்துல மட்டும்தான் கை வெச்சாரு, அதுலயும் பழைய 500 யூகரா உச்சவரம்பு அப்படியே, பிள்ளை இருந்தா ஒவ்வொருத்தருக்கும் இன்னும் 250, அதை இனிமே யாரும் கேள்வி கேக்க முடியாத உரிமையா வெச்சுக்கலாம். அதுக்கு மேல இருக்குறதை மட்டும் திருப்பித் தரணும். அதைச் சின்னத் துண்டுகளா பிரிச்சு ஏழைக் குடிமக்களுக்குக் குடுத்துடுவாங்க, ஆனா அவங்க அதை விக்க முடியாது, அரசுக்குச் சின்னதா ஒரு வாடகை கட்டணும். விக்க முடியாதுங்கற அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம், இல்லன்னா பக்கத்துப் பண்ணைக்காரரு மறு வருஷமே வாங்கிடுவாரு. இதையெல்லாம் நடத்த மூணு பேரு கொண்ட ஆணையம்.

முதல்ல வந்த வடிவத்துல, நிலத்தைத் திருப்பித் தர்றவங்களுக்கு நஷ்டஈடுகூட இருந்துச்சுன்னு புளூட்டார்க் சொல்றாரு. சட்டத்தை மீறி வெச்சிருந்தவங்களுக்கு நஷ்டஈடு! அதுக்கும் எதுப்பு வந்த பிறகுதான் அதை எடுத்துட்டாரு. தனியா உக்காந்து எழுதுனதும் இல்ல, மாமனார் அப்பியஸ், அந்த வருஷ கான்சலும் பெரிய சட்ட நிபுணருமான மூசியஸ் ஸ்கேவோலா, அவரோட கூடப்பொறந்த கிராசஸ்னு பெரிய ஆளுங்க கூட இருந்தாங்க. இவருக்கு முன்னாடி லேலியஸ்னு ஒருத்தர் இதே மாதிரி முயற்சி பண்ணி, பணக்காரங்க எதுப்பைப் பாத்துட்டு வாபஸ் வாங்குனாரு, அதுக்கு அவருக்கு "அறிவாளி"ன்னு பட்டப்பேரு குடுத்தாங்க.

பணக்காரங்க பக்கம் நியாயமே இல்லையா?

அவங்க வாதத்தையும் அப்பியன்ங்கிற வரலாற்று எழுத்தாளர் எழுதி வெச்சிருக்காரு. "எங்க தாத்தா காலத்துல இருந்து உழுதுட்டு வர்றோம், மரம் நட்டிருக்கோம், வீடு கட்டியிருக்கோம், முன்னோர் சமாதி அங்க இருக்கு, அந்த நிலத்தை வெச்சுக் கடன் வாங்கியிருக்கோம், பொண்ணுக்குச் சீதனமா குடுத்திருக்கோம்". இதுல கடன், சீதனம் விஷயம் நிஜமாவே சிக்கல்தான், கை மாறி வந்தவன் பாவம் தெரியாமதான் வாங்கியிருப்பான். ஆனா ஏழை சொன்னதையும் அதே எடத்துல எழுதியிருக்காரு: இந்த நிலத்தை ஜெயிச்ச சண்டையில செத்தது நாங்க, எங்க பங்கு எங்க? என் மனசு அந்தக் கேள்வி பக்கம்தான்.

டைபீரியஸோட பேச்சும் இதையே சொல்லுச்சு. காட்டு மிருகத்துக்குக்கூட இத்தாலியில ஒரு குகை இருக்கு, இத்தாலிக்காகச் சண்டை போட்டுச் சாகுறவனுக்குக் காத்தும் வெளிச்சமும் தவிர ஒண்ணும் இல்ல, உலகத்துக்கே முதலாளிங்கன்னு உங்களைச் சொல்றாங்க, உங்க பேர்ல ஒரு பிடி மண்ணு கெடையாதுன்னாரு.

டிரிப்யூன் பதவிக்கு அவ்வளவு பவரா?

ஆமா. சாதாரண மக்களைப் பாதுகாக்கன்னே உண்டான பதவி, வருஷத்துக்குப் பத்து பேரு, மக்கள் சபை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். சட்டம் முன்மொழியலாம், எந்த அதிகாரி செய்யுறதையும் "வீட்டோ"ன்னு சொல்லி நிறுத்தலாம், பதவியில இருக்கறவரை அவர் மேல கை வைக்கிறது தெய்வக் குத்தம். அந்தக் கடைசி விஷயத்தை மறந்துடாதீங்க.

ஆக்டேவியஸை ஏன் பதவியில இருந்து தூக்குனாரு?

சட்ட மசோதாவை முதல்ல செனட்ல காட்டிட்டு வர்றதுதான் வழக்கம், கட்டாயம் இல்ல. டைபீரியஸ் நேரா மக்கள் சபைக்குக் கொண்டு போனாரு. கிராமத்துல இருந்து ஜனம் கூட்டம் கூட்டமா வந்துச்சு. மசோதாவைப் படிக்க ஆரம்பிக்கும்போது மார்கஸ் ஆக்டேவியஸ்ங்கிற சக டிரிப்யூன் வீட்டோ போட்டுட்டாரு. ரெண்டு பேரும் நல்ல பழக்கம். ஆக்டேவியஸ்கிட்டயும் அரசு நிலம் இருந்துச்சு, "உனக்கு வர்ற நஷ்டத்தை என் கைக்காசுல குடுக்கறேன்"னு டைபீரியஸ் சொல்லியும் அவரு அசையல. டைபீரியஸ் பதிலுக்கு கஜானா இருந்த சாட்டர்ன் கோயிலுக்கு சீல் வெச்சு, ஓட்டு முடியற வரைக்கும் எந்த அரசு வேலையும் நடக்கக்கூடாதுன்னுட்டாரு. செனட்ல போயி சமரசம் பேசியும் பாத்தாரு, நடக்கல.

கடைசியா, மக்களுக்கு எதிரா நிக்கிற டிரிப்யூன் டிரிப்யூனே இல்ல, அவரை நீக்கலாமா வேணாமான்னு மக்களே ஓட்டுப் போடட்டும்னாரு. ஓட்டு தனித்தனி ஆளுக்கு இல்ல, மொத்தம் 35 பிரிவு, 18 வந்தா முடிஞ்சுது. ஒவ்வொரு பிரிவா நீக்கணும்னு விழுந்துக்கிட்டே வருது, 17 ஆயிடுச்சு. அங்க டைபீரியஸ் ஓட்டை நிறுத்தச் சொல்லிட்டு, எல்லார் கண்ணு முன்னாடியும் ஆக்டேவியஸைக் கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்து, "இப்பவாவது விட்டுக்குடுப்பா, இந்த அவமானம் உனக்கு வேணாம், இப்படி ஒரு கடுமையான காரியத்தைச் செஞ்ச பேரு எனக்கும் வேணாம்"னு கெஞ்சுறாரு. ஆக்டேவியஸ் கண்ணு கலங்கி ரொம்ப நேரம் பேசாம நின்னாரு, அப்புறம் பணக்காரங்க கூட்டமா நிக்கிற பக்கம் பாத்தாரு, "உனக்கு என்ன தோணுதோ பண்ணு"ன்னாரு. பதினெட்டாவது ஓட்டு விழுந்துச்சு. மேடையில இருந்து அவரை இழுத்து இறக்குனாங்க, கூட்டம் பாய்ஞ்சதுல அவரு தப்பிச்சுட்டாரு, முன்னாடி நின்னு தடுத்த வேலைக்காரருக்குக் கண்ணு போச்சு.

அது சட்டத்துக்கு விரோதம்தானே?

அதுவரைக்கும் யாரும் பண்ணாத காரியம், அது உண்மை. ஒரு டிரிப்யூனை நடுவுல நீக்கலாம்னா வீட்டோவுக்கே மதிப்பு இல்ல, நாளைக்கு ஏழை பக்கம் நிக்கிற டிரிப்யூனையும் இதே மாதிரி தூக்கலாம். இந்த வாதத்துல பலம் இருக்கு. ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, மக்களைப் பாதுகாக்க குடுத்த வீட்டோவை மக்கள் கேக்குற சட்டத்துக்கு எதிரா கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டு நிக்கிறதும் வழக்கத்துல இல்லாததுதான், வழக்கமா ஜனம் இவ்வளவு உறுதியா இருந்தா வீட்டோ போட்டவரு வாபஸ் வாங்கிடுவாரு. ரெண்டு பக்கமும் எழுதாத விதியை மீறுனாங்க. ஆனா டைபீரியஸ் மீறுனதுல ஓட்டு இருந்துச்சு.

சட்டம் பாஸ் ஆன பிறகு செனட் என்ன பண்ணுச்சு?

ஆணையத்துக்கு டைபீரியஸ், தம்பி கேயஸ், மாமனார் அப்பியஸ் மூணு பேரையும் போட்டாங்க. எல்லாம் ஒரே குடும்பமாங்கற விமர்சனம் அப்பவே வந்துச்சு, அது நியாயமான விமர்சனம்தான். செனட் செலவுக்கு ஒதுக்குனது நாளைக்கு ஒன்பது ஓபல், சில்லறைக் காசு. நிலம் அளக்கப் போற ஆணையத்துக்கு அரசுச் செலவுல கூடாரம் கேட்டாரு, அதுவும் இல்லன்னுட்டாங்க.

அந்த நேரம் பாத்து, இன்னைக்குத் துருக்கியில இருக்குற பெர்கமத்தோட ராஜா மூணாம் அட்டலஸ் செத்துப்போயி, ராஜ்யத்தையே ரோம் மக்களுக்கு எழுதி வெச்சுட்டாருன்னு உயில் வந்துச்சு. டைபீரியஸ் உடனே, அந்தப் பணத்தை நிலம் வாங்குறவங்களுக்கு ஏரு, மாடு, விதைக்குக் குடுக்கலாம், பெர்கமம் ஊருங்க விஷயத்தை செனட் முடிவு பண்ண வேணாம், மக்கள் சபையில வெக்கிறேன்னாரு.

என்னைக் கேட்டா அவரைக் கொன்னது நிலச் சட்டம் இல்ல, இந்த ஒரு வரிதான். கஜானாவும் வெளிநாட்டு விவகாரமும் நூறு வருஷத்துக்கு மேல செனட் கையில இருந்த விஷயம். 300 ஏக்கருக்கு மேல இருக்குறதைக் குடுக்கறதுகூட அவங்களால தாங்கிக்க முடிஞ்சிருக்கும், யாரு முடிவெடுக்கிறதுங்கறதையே ஜனங்க கைக்கு மாத்துறாருன்னு தெரிஞ்சப்பதான் பயந்துட்டாங்க.

ராஜாவாக ஆசைப்பட்டாருன்னு சொல்றது உண்மையா?

பாம்பேயஸ்னு ஒரு செனட்டர், நான் டைபீரியஸோட பக்கத்து வீட்டுக்காரன், பெர்கமத்துல இருந்து உயில் கொண்டுவந்த ஆளு இவருக்கு ராஜ கிரீடமும் ஊதா அங்கியும் குடுத்ததைத் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னாரு. ஆதாரம் எதுவும் இல்ல. ரோம்ல ஒருத்தரை ஒழிக்கணும்னா ராஜாவாகப் பாக்குறான்னு சொன்னா போதும், அந்த ஊரு ராஜாவைத் துரத்தி விட்டுத்தான் குடியரசே ஆச்சு. அவரு செஞ்சது மறுவருஷத்துக்கும் டிரிப்யூன் தேர்தல்ல நின்னது. அடுத்தடுத்து நிக்கிறது வழக்கம் இல்ல, ஆனா பதவி போன மறுநாளே வழக்குப் போட்டு முடிச்சுடுவாங்கன்னு தெரிஞ்சிருந்துச்சு.

கொலை நடந்த அன்னைக்கு என்ன ஆச்சு?

அறுவடை நேரம், அவருக்கு ஓட்டுப் போடுற கிராமத்து ஆளுங்க வயல்ல இருக்காங்க, ஊருக்குள்ள ஆதரவு கம்மி. அவரு துக்க உடை போட்டுக்கிட்டு, பிள்ளைங்களைக் கூட்டிவந்து "இவங்களையும் இவங்க அம்மாவையும் பாத்துக்கோங்க"ன்னு ஜனங்ககிட்ட ஒப்படைச்சாரு. ராத்திரி நெறைய பேரு அவரு வீட்டைச் சுத்திப் படுத்துக் காவல் இருந்தாங்க.

காலையில சகுனம் சரியில்ல. சகுனக் கோழிங்க கூண்டை விட்டு வரல, ஒண்ணு மட்டும் வந்து இரையைத் தொடாம உள்ள ஓடிடுச்சு. வாசப்படி தடுக்கிக் கால் பெருவிரல் நகம் பேந்து செருப்புல ரத்தம் வந்துச்சு. கூரையில சண்டை போட்ட காக்கைங்க தள்ளுன கல்லு காலடியில விழுந்துச்சு. கூட இருந்தவங்க தயங்க, பிளாசியஸ்தான் "கிராக்கஸோட மகன், ஆஃப்ரிக்கானஸோட பேரன், காக்கைக்குப் பயந்து ஜனங்க கூப்பிட்டும் போகலன்னா அவமானம்"னாரு. போனாரு.

கேப்பிடல் குன்று மேல ஓட்டு, பக்கத்துலயே கோயில்ல செனட் கூடியிருக்கு. பிளாக்கஸ்ங்கிற செனட்டர் ஓடி வந்து, உங்களைக் கொல்ல ஆளு சேக்குறாங்கன்னு எச்சரிச்சாரு. கூச்சல்ல தூரத்துல இருக்கறவங்களுக்குக் கேக்காதுன்னு டைபீரியஸ் தலைக்கு ஆபத்துன்னு காட்ட தலையில கை வெச்சாரு. எதிரிங்க ஓடிப்போயி "கிரீடம் கேக்கறான்"னு செனட்ல சொன்னாங்க. தலைமைப் பூசாரி சிப்பியோ நாசிகா, கான்சல் ஸ்கேவோலாவைப் பாத்து அவனை ஒழிங்கன்னாரு. ஸ்கேவோலா, விசாரணை இல்லாம எந்தக் குடிமகனையும் கொல்ல மாட்டேன்னு மறுத்தாரு. நாசிகா எந்திரிச்சு "கான்சல் நாட்டைக் காட்டிக் குடுத்துட்டாரு, சட்டத்தைக் காப்பாத்தணும்னு நெனக்கிறவங்க என் பின்னாடி வாங்க"ன்னு அங்கியைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டுக் கிளம்புனாரு.

பெரிய மனுஷங்க வர்றாங்கன்னு ஜனங்க பழக்கதோஷத்துல வழி விட்டாங்க. செனட்டருங்க உடைஞ்ச பெஞ்சுக் காலை எடுத்து அடிச்சாங்க, கூட வந்த ஆளுங்க கையில தடி. ஒருத்தன் டைபீரியஸோட மேலங்கியைப் புடிச்சான், அதை விட்டுட்டு உள்சட்டையோட ஓடுனாரு, கீழ கெடந்தவங்க மேல தடுக்கி விழுந்தாரு, எந்திரிக்கும்போது தலையில பெஞ்சுக் காலால முதல் அடி அடிச்சது சக டிரிப்யூன் சட்டிரேயஸ். ரெண்டாவது அடி நான்தான் அடிச்சேன்னு லூசியஸ் ரூஃபஸ்னு ஒருத்தர் பின்னாடி பெருமையா சொல்லிக்கிட்டாரு. 300-க்கு மேல செத்தாங்க, ஒருத்தரும் இரும்பு ஆயுதத்தால சாகல, எல்லாமே கட்டையும் கல்லும். கேயஸ் அண்ணன் உடம்பைக் கேட்டும் தரல, ராத்திரியோட ராத்திரியா ஆத்துல போட்டாங்க.

இன்னொண்ணு, நாசிகா வேற யாரும் இல்ல, கொர்னீலியாவோட அக்கா மகன், பெரியம்மா பையன், டைபீரியஸுக்கு அண்ணன் முறை. 

கொன்னவங்களுக்குத் தண்டனை கிடைச்சுதா?

கிடைக்கல. தண்டனை அடி வாங்குன பக்கத்துக்குத்தான். கி.மு. 132-ல கான்சல்கள் தலைமையில விசாரணை வெச்சு, டைபீரியஸோட ஆதரவாளருங்களைச் சிலரைக் கொன்னாங்க, சிலரை நாடு கடத்துனாங்க, வாத்தியார் டயோபேனஸும் செத்தாரு. வில்லியஸ்னு ஒருத்தரைப் பாம்போட சேத்து அடைச்சுக் கொன்னாங்க. பிளாசியஸ்கிட்ட "கேப்பிடலுக்குத் தீ வைன்னு அவன் சொல்லியிருந்தா வெச்சிருப்பியா?"ன்னு கேட்டாங்க. "அவரு அப்படிச் சொல்ல மாட்டாரு, சொல்லியிருந்தா அது மக்களுக்கு நல்லதாத்தான் இருக்கும், வெச்சிருப்பேன்"னாரு. நாசிகாவைத் தெருவுல பாத்தா ஜனங்க கொலைகாரன்னு கத்துனாங்க, அதனால செனட் அவரை ஆசியாவுக்கு அனுப்பி வெச்சுது, கொஞ்ச நாள்ல பெர்கமத்துல செத்தாரு.

அவரு செத்ததும் சட்டமும் போச்சா?

இல்ல! அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயம். ஆளைக் கொன்னாங்க, சட்டத்தை ரத்து பண்ணத் துணியல. ஆணையத்துல காலியான எடத்துக்கு கிராசஸைப் போட்டு வேலை நடந்துச்சு. இத்தாலியில தெற்கே காம்பானியா, லுக்கானியா பக்கம் அவங்க நட்ட எல்லைக் கல்லுங்க கிடைச்சிருக்கு, கேயஸ் கிராக்கஸ், அப்பியஸ் கிளாடியஸ், லிசினியஸ் கிராசஸ்னு பேரு வெட்டியிருக்கு. போல்லாங்கிற எடத்துல பேரு உடைஞ்சுபோன ஒரு அதிகாரி கல்வெட்டு இருக்கு, அரசு நிலத்துல மேய்ச்சக்காரங்களை உழவங்களுக்கு வழிவிட வெச்சது முதல்ல நான்தான்னு சொல்லிக்கிறாரு.

குடிமக்கள் கணக்கெடுப்புல கி.மு. 131-ல 3,18,823, ஆறு வருஷத்துல 3,94,736. இந்த ஏத்தத்துக்கு நிலச் சட்டம் எவ்வளவு காரணம்னு அறிஞருங்க இன்னும் சண்டை போடுறாங்க, முழுசும் அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். கி.மு. 129-ல சிப்பியோ எமிலியானஸ், செம்ப்ரோனியாவோட வீட்டுக்காரரு, எது அரசு நிலம் எது தனியார் நிலம்னு தீர்ப்பு சொல்ற அதிகாரத்தை ஆணையத்துகிட்ட இருந்து புடுங்கி கான்சல்கிட்ட குடுக்க வெச்சாரு. அதோட வேகம் போச்சு.

தம்பி கேயஸ் என்ன ஆனாரு?

அவருக்குத் தனிப்பக்கமே வேணும். கி.மு. 123, 122 ரெண்டு வருஷமும் டிரிப்யூன். மலிவு விலையில தானியம், ரோடு, புதுக் குடியேற்றங்க, லஞ்ச வழக்கு ஜூரியில செனட்டருங்களை எடுத்துட்டு வேற வர்க்கத்தைப் போடுறதுன்னு அண்ணனைவிட பத்து மடங்கு பெரிய திட்டம். கி.மு. 121-ல கான்சல் ஒபிமியஸ் அவரு தலைக்கு எடைக்கு எடை தங்கம்னு அறிவிச்சாரு, தலையைக் கொண்டுவந்தவன் மூளையை எடுத்துட்டு ஈயத்தை உருக்கி ஊத்தி எடை ஏத்துனான். அந்தத் தடவை செத்தவங்க 3,000 பேரு.

அடிமைங்களுக்கும் மத்த இத்தாலிக்காரங்களுக்கும் என்ன செஞ்சாரு?

அடிமைங்களுக்கு ஒண்ணும் செய்யல. அவங்க விடுதலை அவரு யோசனையிலயே இல்ல, அவங்க எடத்துல குடிமகனைக் கொண்டுவர்றதுதான் திட்டம். ரோம் குடியுரிமை இல்லாத இத்தாலியக் கூட்டாளிங்க நிலத்தையும் ஆணையம் அளக்க ஆரம்பிச்சதுல அவங்களுக்குப் பெரிய மனக்கொறை, ரோமுக்காக அவங்களும்தானே செத்தாங்க. அந்தக் குடியுரிமையைக் குடுக்க கேயஸ் முயற்சி பண்ணித் தோத்தாரு, கடைசியில கி.மு. 91-ல அது போராவே வெடிச்சுது. டைபீரியஸை நேசிக்கிறவங்க இந்த ஓட்டையைச் சொல்லாம விடக்கூடாது.

இதெல்லாம் எதை நம்பிச் சொல்றீங்க?

விரிவா எழுதுன ரெண்டு பேரு புளூட்டார்க்கும் அப்பியனும், ரெண்டு பேருமே கிரேக்க மொழியில எழுதுனவங்க, சம்பவம் நடந்து 200 வருஷத்துக்கு மேல கழிச்சு எழுதுனது. அவங்க கையில பழைய எழுத்துங்க இருந்துச்சு, கேயஸோட எழுத்து உட்பட, அதனால அனுதாபம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் ரோம் பேச்சாளர் சிசரோ, அவரு பல எடத்துல நாசிகாவைப் புகழ்ந்து எழுதுனவரு, ஆனா அவரே ஒரு உரையாடல்ல, டைபீரியஸோட சாவு ஒரே ஜனத்தை ரெண்டாப் பிரிச்சுடுச்சுன்னு ஒரு பாத்திரத்தைச் சொல்ல வெச்சிருக்காரு. காக்கை, கோழி சகுனக் கதைங்களை எவ்வளவு நம்பலாம்னு உங்க இஷ்டம். கட்டையால அடிச்சது, ஆத்துல போட்டது, கான்சல் மறுத்தது இதுல எல்லாம் பெரிய முரண்பாடு இல்ல. நிலத்தை நிஜமாவே அளந்தாங்களான்னு சந்தேகம் வந்தா எல்லைக் கல்லைப் பாருங்க, அது அந்த வருஷங்கள்லயே ஆணையம் வெட்டி நட்டது.